சந்தை மூடிவிட்டது, சரக்கு இருக்கிறது

ஆன்லைன் துணிச் சந்தைகள் மூடும்போது வருகிற மின்னஞ்சல்களை எல்லாம் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கனத்த மனத்துடன் தெரிவிக்கிறோம் என்று தொடங்கும். இத்தனை காலம் கூட நின்றதற்கு நன்றி சொல்லும். கடைசி ஆர்டர் எடுக்கும் தேதி மட்டும் நாலாவது பத்தியில் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்த கையோடு எங்கள் வாட்ஸப் குழுவில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அக்கா, அடுத்து எங்க போறது?"

குர்தி தைப்பவர், சுங்குடி விற்பவர், பட்டுப்பாவாடை தைப்பவர், ஆரி வேலை செய்பவர் எல்லோருக்கும் இதே கேள்விதான். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பதிலும் வேண்டும். அப்படி ஒரு பதில் கிடையாது என்பது என் கட்சி. மூடுகிற தளம் கைகாட்டும் இடமோ, கமிஷன் குறைவான இடமோ உங்களுக்கான இடம் ஆகிவிடாது. உங்கள் அலமாரியில் என்ன மாதிரிச் சரக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது அமையும்.

இடம் தேடும் முன் ஒரு வேலை இருக்கிறது. தளம் உயிரோடு இருக்கும்போதே உள்ளே போய் எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்துவிடுங்கள். படங்களையும் விவரங்களையும் எல்லோரும் இறக்கி வைத்துக்கொள்வார்கள். வாங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவர் பாதிப் பேர். செட்டில்மென்ட் அறிக்கையை எடுப்பவர் அதிலும் குறைவு. ஆனால் ஆடிட்டர் கேட்கப்போவது அதைத்தான். எந்த ஆர்டருக்கு எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு பிடித்தார்கள், எது திரும்பி வந்தது என்ற விவரமெல்லாம் விற்பனையாளர் பக்கத்துக்குள் இருக்கிறது. அந்தப் பக்கம் போய்விட்டால் கேட்க ஆளும் இருக்காது.

பிடித்த பணம் என்று சொன்னேன் அல்லவா, அதை லேசாக விட வேண்டாம். சந்தைத் தளம் நம் விற்பனையில் அரை சதவீதத்தை ஜி.எஸ்.டி. கணக்கில் டி.சி.எஸ். என்று பிடிக்கிறது; 2024 ஜூலை 10க்கு முன் அது 1 சதவீதம். வருமான வரிக் கணக்கில் இன்னொரு 0.1 சதவீதம் போகிறது. 10 லட்சம் ரூபாய்க்கு விற்றிருந்தால் இரண்டும் சேர்ந்து 6,000 ரூபாய். இரண்டும் நம் பணம், திரும்ப வர வேண்டியவை. ஆனால் தளம் மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-8 என்ற கணக்கைத் தாக்கல் செய்தால்தான் டி.சி.எஸ். தொகை நம் பெயரில் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் தெரியும். மூடும் கம்பெனிகளில் முதலில் காலியாவது பெரும்பாலும் கணக்குப் பிரிவு. ஆகவே கடைசி மூன்று மாதத்துக்கு அவர்கள் தாக்கல் செய்திருக்கிறார்களா என்று உங்கள் போர்ட்டலில் பாருங்கள். இல்லை என்றால் பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே மின்னஞ்சல் எழுதுங்கள். கம்பெனி திவால் நடவடிக்கைக்கே போய்விட்டால் கதை வேறு. அப்போது பொது அறிவிப்பு வரும். அதில் சொன்ன கெடுவுக்குள், வர வேண்டிய பாக்கிக்கு, செயல்பாட்டுக் கடனீந்தவர் என்ற முறையில் கோரிக்கைப் படிவம் கொடுக்க வேண்டும். பணம் வருமா என்றால், வங்கிகள் எடுத்தது போக மிச்சம்தான். கொடுக்காதவருக்கு அதுவும் இல்லை.

சரி, இடத்துக்கு வருவோம்.

மூடுகிறவர்கள் போகும்போது ஒரு திசையைக் காட்டிவிட்டுப் போவது வழக்கம். பெர்லினில் 2006இல் தொடங்கிய தவாண்டா என்ற கைவினைச் சந்தை ஒரு காலத்தில் ஜெர்மனியின் தையல்காரிகளுக்கும் நகை செய்பவர்களுக்கும் தாய்வீடு மாதிரி. 2018 ஜூன் 30 அன்று, ஆகஸ்ட் 30உடன் மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். இரண்டே மாதம். கூடவே, எட்சி என்ற இன்னொரு கைவினைச் சந்தையுடன் பேசி ஏற்பாடு செய்துவிட்டோம், உங்கள் கடையை அப்படியே அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வசதிதான். ஆனால் அதே ஜூன் மாதத்தில்தான் எட்சி தன் விற்பனைக் கட்டணத்தை 3.5இலிருந்து 5 சதவீதமாக ஏற்றப் போவதாக அறிவித்திருந்தது. ஜூலையில் ஏற்றியும் விட்டது. 2022 ஏப்ரலில் 6.5 ஆனது. அப்போது விற்பனையாளர்கள் கடையைச் சாத்திவைத்து வேலைநிறுத்தம்கூடச் செய்தார்கள்.

ஸ்வீடன்காரர்களின் டிக்டெயில் இன்னொரு மாதிரி. சின்ன ஃபேஷன் பிராண்டுகள் இலவசமாகக் கடை திறந்த இடம் அது. 2018 நவம்பரில் ஷாப்பிஃபை அதை வாங்கியது, அடுத்த ஆண்டு மூடிவிட்டார்கள். காட்டிய திசை, மாத வாடகை கட்ட வேண்டிய ஷாப்பிஃபை. நம் நாட்டு ஜபாங்கை 2016இல் மிந்த்ரா 7 கோடி டாலருக்கு வாங்கியது. 2020 தொடக்கத்தில் ஜபாங் முகவரியைத் தட்டினால் மிந்த்ரா திறந்தது. மூன்றிலும் காட்டிய திசை அவரவர் வியாபார ஒப்பந்தத்தின் திசை. அங்கே போகவே கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் துணியைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன யோசனை அல்ல அது, அவ்வளவுதான்.

துணியைத் தொட்டுப் பார்த்தால் சிறு வியாபாரிகளின் சரக்கு பெரும்பாலும் மூன்று வகைக்குள் வந்துவிடும்.

முதல் வகை, சைஸ் செட். ஒரே டிசைன், எஸ் முதல் டபுள் எக்ஸெல் வரை, தீர்ந்தால் திரும்பவும் அதையே வெட்டித் தைக்கலாம். குர்தி, நைட்டி, லெக்கிங்ஸ், குழந்தைகள் பனியன். இதற்கு இன்னொரு பெரிய சந்தைதான் சரி. ஒரு படம் எடுத்து ஐந்நூறு பீஸ் விற்கும் சரக்கை ஒவ்வொருவரிடமும் போனில் பேசி விற்பது நேர விரயம். அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ என்று எல்லாவற்றிலும் பட்டியல் போடலாம். மிந்த்ரா மாதிரி இடத்துக்கு வர்த்தக முத்திரை முதலில் வேண்டும். துணிமணிக்கு அது 25ஆம் வகுப்பு, தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 4,500 ரூபாய்.

மீஷோ 2021இல் கமிஷனையே எடுத்துவிட்டது. அதைக் கேட்டதும் எல்லோரும் அங்கே ஓடினார்கள். கமிஷன் இல்லை என்றால் செலவு இல்லை என்று அர்த்தம் கிடையாது. பேச்சுக்கு ஒரு கணக்கு: பீஸுக்கு 90 ரூபாய் லாபம், பத்து அனுப்பி மூன்று திரும்பி வருகிறது, திரும்பும் ஒவ்வொன்றிலும் கூரியரும் அழுக்கான துணியும் சேர்த்து 150 ரூபாய் நஷ்டம். ஏழு விற்றதில் 630 வந்தது, மூன்று திரும்பியதில் 450 போனது. கையில் 180. பத்து பீஸ் தைத்து, தேய்த்து, மடித்து, கவர் போட்டதற்கு 180. இந்த வகைச் சரக்குக்கு கமிஷனைவிட ரிட்டர்ன்தான் எமன். சைஸ் சார்ட்டைச் சரியாகப் போடுவதும், மாடலின் உயரத்தை எழுதுவதும், நிறம் மாறாமல் பகல் வெளிச்சத்தில் படம் எடுப்பதும் நீங்கள் தளம் மாற்றுவதைவிட அதிகப் பணம் மிச்சப்படுத்தும். இன்னொன்று, சூரத்தோடு விலையில் மோத வேண்டாம். 199 ரூபாய் குர்தியை அவர்கள் தைப்பது போல நம்மால் தைக்க முடியாது, தைக்கவும் வேண்டாம்.

இரண்டாம் வகை, ஒற்றைப் பீஸ். மதுரை சுங்குடி, கைத்தறிப் புடவை, பழைய பட்டில் தைத்த பை, கையால் அச்சடித்த துப்பட்டா. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. என் மனசு இந்த வகையில்தான் என்பதை மறைக்கப் போவதில்லை. கையால் முடிச்சுப் போட்ட சுங்குடிக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் தேடல் பெட்டியில் சுங்குடி என்று போட்டால் ஸ்க்ரீன் பிரிண்ட் அடித்ததெல்லாம் அதே பெயரில், பாதி விலையில், பக்கத்திலேயே வந்து நிற்கும். விலையால் வரிசைப்படுத்தும் சந்தையில் ஒற்றைப் பீஸ் தோற்கத்தான் செய்யும். வாங்குகிறவர் கேட்கிற கேள்விகள் வேறு: "முந்தானையில என்ன கலர் வரும்?", "சாயம் போகுமா?", "ப்ளவுஸ் பிட் ஓடுதா?" இதற்கெல்லாம் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆகவே இந்தச் சரக்கின் இடம் ஆள் இருக்கும் இடம்: வாட்ஸப், இன்ஸ்டாகிராம், யூடியூப் நேரலை.

சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையைப் பாருங்கள். ஒற்றைப் பீஸ் இல்லை, விசைத்தறிப் புடவைக்குப் பேர்போன ஊர்தான்; ஆனால் விற்கும் முறையைக் கவனியுங்கள். அங்கே கடைக்காரர்கள் ஒரு போனை முன்னால் நிறுத்தி, புடவையை விரித்து, உடம்பு, பார்டர், முந்தானை என்று காட்டிக்கொண்டே போவார்கள். திரையில் போன் நம்பர் ஓடும். எந்தச் சந்தை மூடினாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. பிடித்த புடவையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அந்த நம்பருக்கு அனுப்பினால் ஆர்டர். சந்தைத் தளங்கள் கடைசி வரை நமக்குத் தராமல் வைத்திருந்த வாடிக்கையாளர் போன் நம்பர் அங்கே முதல் நாளே கைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் வாட்ஸப்பும் வாடகை வீடுதான். பிராட்காஸ்ட் ஒரு பட்டியலுக்கு 256 பேர்; அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். கேட்காதவர்களுக்கு எல்லாம் தினமும் முப்பது படம் தள்ளினால் புகார் விழும், நம்பர் முடங்கும். 2020 ஜூன் 29 இரவு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதில் புடவை கட்டிக் காட்டி விற்றவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் இல்லை, இரண்டு நாள்கூட இல்லை. வாடிக்கையாளர் பெயர், ஊர், என்ன வாங்கினார், என்ன நிறம் பிடிக்கும் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது பழைய ஜவுளிக்கடைக்காரர்கள் செய்ததுதான். எக்செலில் செய்யுங்கள், நோட்டில் செய்யுங்கள், செயலிக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும்.

ஒற்றைப் பீஸுக்குத் தேர்ந்தெடுத்து விற்கும் தளங்களும் உண்டு. குவாலியரிலிருந்து இயங்கும் ஐடோக்ரி, டாடா குழுமத்தோடு தொடர்புள்ள ஓகாய், 2019இல் ஆதித்ய பிர்லா ஃபேஷன் வாங்கிய ஜெய்ப்பூர் என்ற இணையக் கடை. இவர்களைப் போன்றவர்களிடம் போனால் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை சதவீதம் என்பதை அல்ல. விற்காமல் கிடந்தால் சரக்கு யாருடையது? மொத்தமாகக் காசு கொடுத்து எடுத்துக்கொண்டால் விலை குறைந்தாலும் நிம்மதி. விற்றால் தருகிறோம் என்றால் உங்கள் முதல் அவர்கள் அலமாரியில் தூங்கும். நீங்களே நெசவாளராகவோ கைவினைஞராகவோ இருந்தால் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் இந்தியா ஹேண்ட்மேட் தளமும் இருக்கிறது. வாங்கி விற்பவர்களுக்கு அங்கே இடம் இல்லை. சரியும்கூட.

மூன்றாம் வகை, அளவெடுத்துத் தைப்பது. ஆரி ப்ளவுஸ், கல்யாண லெஹங்கா. இதற்கு ஆன்லைன் என்பது ஆள் தெரிய வைக்கும் பலகை மட்டும்தான். இன்ஸ்டாகிராமில் படம், கூகுள் மேப்பில் கடை, அளவு ப்ளவுஸ் வாங்கப் போக ஒரு வண்டி. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இனி எல்லோரும் கொட்டாவி விடும் பகுதி. ஆனால் சந்தையை விட்டு வெளியே வந்ததும் முதலில் தலையில் இடிப்பது இதுதான். சொந்தமாக இன்ஸ்டாகிராமில் விற்பதற்கு ஜி.எஸ்.டி. எல்லாம் எதற்கு, ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டவில்லையே என்பார்கள். தமிழ்நாட்டுக்குள் விற்றால் சரி. வரிக்குட்பட்ட பொருளை வெளிமாநிலத்துக்கு அனுப்பினால், முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். நாகப்பட்டினத்துக்காரர் காரைக்காலுக்கு ஒரு குர்தி அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை. அதே குர்தியை ஓசூருக்கு அனுப்பினால் இல்லை! அரசு அறிவித்த கைவினைப் பொருள்களுக்கு இதில் விலக்கு இருக்கிறது. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு நம்புங்கள், குழுவில் யாரோ சொன்னதை நம்ப வேண்டாம். இன்னொரு பக்கம், 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குக் கீழே இருக்கும் சிறு விற்பனையாளர்கள் பதிவு இல்லாமலே, ஒரு பதிவெண் மட்டும் வாங்கிக்கொண்டு, சொந்த மாநிலத்துக்குள் சந்தைத் தளங்களில் விற்கலாம். அதற்கு முன் தளத்தில் ஒரு கைக்குட்டை விற்றாலும் முழுப் பதிவு கட்டாயமாக இருந்தது.

விலை வைப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த துணிக்கு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், தாண்டினால் 18. ஓர் அனார்கலிக்கு 2,500 வைத்தால் வரியோடு 2,625. நூறு ரூபாய் கூட்டி 2,600 வைத்தால் 3,068. உங்களுக்கு நூறு ரூபாய் கூடுதலாக வருவதற்கு வாங்குகிறவர் 443 ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும். 2,500க்கும் மூவாயிரத்துக்கும் நடுவில் விலை வைப்பது தானாகப் போய் மாட்டிக்கொள்வது.

சொந்த வெப்சைட் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பலருக்குப் பிடிப்பதில்லை. வெப்சைட்டுக்குக் கூட்டம் தானாக வராது. அது பில் போடும் கவுண்டர். திரும்பத் திரும்ப வாங்கும் நூறு இருநூறு பேர் சேரும் வரை வாட்ஸப் கேட்டலாக்கும் யு.பி.ஐ. க்யூ.ஆரும் போதும். 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. வழி வாங்கும் பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் கிடையாது. பேமென்ட் கேட்வே வைத்தால் சுமார் 2 சதவீதமும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் போகும். ஆனால் டொமைன் பெயரை மட்டும் இன்றே வாங்கிவிடுங்கள். இப்போதைக்கு அது உங்கள் வாட்ஸப்புக்குத் திருப்பி விடட்டும். வாங்கும்போது உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில். வெப்சைட் போட்டுக்கொடுக்கும் தம்பி நல்ல பையனாகவே இருக்கட்டும், கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். ஓ.என்.டி.சி. பற்றியும் கேட்கிறார்கள். அது கடை இல்லை, கடைகளை இணைக்கும் வலை. ஏதோ ஒரு விற்பனைச் செயலி வழியாக அதில் சேரலாம், சேர்வதில் நஷ்டமும் இல்லை. துணி விற்கும் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இன்னும் அதை நம்பி நூல் வாங்குவதில்லை.

கூரியரில், சந்தைத் தளம் தந்த மலிவு விலை இனி கிடையாது. தமிழ்நாட்டுக்குள் எஸ்.டி. கூரியரும் புரொஃபஷனலும், கிராமங்களுக்கு அஞ்சலகமும் போதுமானவை. சி.ஓ.டி. கேட்பவரிடம் கூரியர் செலவை மட்டும் முன்பணமாக வாங்குங்கள். அந்த நூறு ரூபாய் தரத் தயங்குபவர், பார்சல் வீட்டு வாசலுக்கு வரும்போது போனை எடுக்க மாட்டார்.

வெளிநாடு என்றால் எட்சி இன்னமும் பெரிய வாசல்தான்: ஒரு பொருளைப் பட்டியலிட நான்கு மாதத்துக்கு 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம், அதற்கு மேல் பணம் கைமாறும் கட்டணம். ஆனால் அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்தவர்கள் 2025 ஆகஸ்டில் பட்டதை மறக்கக்கூடாது. 800 டாலர் வரை வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த பார்சல்களுக்கு ஆகஸ்ட் 29உடன் அந்தச் சலுகை போனது. அதற்கு முன்பே, 25ஆம் தேதி, நம் அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை நிறுத்திவிட்டது. அக்டோபர் 15க்குத்தான் மீண்டும் திறந்தது, வரியை இங்கேயே முன்கூட்டி வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு. தீபாவளிக்குத் தைத்து வைத்த பாவாடைகள் பொங்கலுக்கும் ஆகாமல் போயின. அதன் பிறகும் அந்த நாட்டு வரி நிலையாக நிற்கவில்லை. அனுப்பும் வாரத்தில் கேட்டுக்கொள்வதே நல்லது. சிங்கப்பூர் அவ்வளவு தொல்லை இல்லை. பெரிய வெளிநாட்டுத் தளங்கள் 2023 முதல் விற்கும்போதே அந்த நாட்டு ஜி.எஸ்.டி.யைப் பிடிக்கின்றன, நம்மைப்போல் நேரடியாக அனுப்பும் சிறியவர்களின் 400 வெள்ளிக்குட்பட்ட பார்சலுக்கு அது இல்லை. ஏற்றுமதிக்கு வேண்டிய ஐ.இ.சி. எண்ணுக்கு 500 ரூபாய்தான் கட்டணம். அஞ்சல் ஏற்றுமதி மையம் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள். சுங்கப் படிவத்தை அங்கேயே ஆன்லைனில் முடித்துத் தருவார்கள்.

கடைசியாக, மூடும் தளத்தில் மிச்சம் இருக்கும் சில வாரங்கள். பலர் அந்த நேரத்தில் விலையைப் பாதியாக்கிச் சரக்கைத் தள்ளப் பார்ப்பார்கள். ரிட்டர்ன் காலம் தளத்தின் ஆயுளைத் தாண்டும் என்றால் அது ஆபத்து. திரும்பி வரும் துணிக்குக் கணக்குச் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வாரங்களில் போகிற ஒவ்வொரு பார்சலும் உங்கள் முகவரியைச் சுமந்து போகட்டும். உள்ளே விசிட்டிங் கார்டு வைப்பதைப் பல தளங்கள் அனுமதிப்பதில்லை. ஆனால் துணியில் தைத்த லேபிள் துணியின் பகுதி. திருப்பூரில் நெய்த லேபிள் ஆயிரக்கணக்கில் எடுத்தால் ஒன்றுக்குச் சில்லறைக் காசுதான் விழும். பிராண்டு பெயருக்குக் கீழே இன்ஸ்டாகிராம் பெயரோ டொமைனோ ஒரு வரி சேர்த்து நெய்யச் சொல்லுங்கள். கழுத்தில் மட்டும் வைக்காதீர்கள். உறுத்துகிறது என்று முதல் நாளே கத்தரித்து எறிந்துவிடுவார்கள். இடுப்புக்குக் கீழே பக்கத் தையலில், துவைக்கும் முறை எழுதிய லேபிளின் பின்பக்கத்தில் வையுங்கள். அது உறுத்தாது, பொதுவாக யாரும் அதை வெட்டுவதில்லை. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். பத்துத் தடவை துவைத்த பிறகும் படிக்க முடிய வேண்டும்.